ரசித்து ஆடுபவர்

‘கூடம்’ என்ற விளையாட்டுத் தளத்தில் யாரும் தனியாக விளையாட முடியாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது அவதூறு. தாராளமாக விளையாடலாம். நம் நண்பர்கள் அத்தனை பேரும் சம்மதித்து, சம்மதத்தை ஒரு கைதட்டும் பொம்மையோடு அனுப்பிவைத்தால் போதும். ஒருவர் மாட்டேன் என்றாலும் காரியம் கெட்டது. நட்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கூடத்துக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

லிப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் போனில் விளையாடுகிறவன் அல்ல. அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டாரும் இரும்புக் கயிறும் இருக்கிற சின்ன அறையில், கிரீஸ் கையோடு பகலைக் கழிப்பவன். அவன் தொழிலுக்கு ஒரே வேதம்தான்: கதவு முழுசாகச் சாத்தாமல் லிப்ட் நகரக் கூடாது. எங்காவது திறந்த கதவோடு ஒரு லிப்ட் அசைந்ததாகக் கேள்விப்பட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் வீட்டில்தான் கூடம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

அது அவன் தங்கையோடு வந்தது. அவள் ஒரே ஒரு பையோடு, கழுத்தின் ஒரு பக்கத்தைத் துப்பட்டாவால் மூடி மூடிவிட்டுக்கொண்டு, புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தாள். அண்ணன் முன்னறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, வாசல் கதவுக்கு இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் போட்டான். வேலைக்காக அவன் இந்த ஊருக்கு மாறி வந்தது மாப்பிள்ளைக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ளும்படியான போக்குவரத்தும் இருந்ததில்லை. தங்கை பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மெல்ல மெல்லத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வதை மறந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் கூடத்தில் இருந்த ‘அலமாரி’ என்ற ஆட்டம். மேலேயிருந்து கலர் கலராக ஜாடிகள் இறங்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, இடம் பார்த்து, தட்டில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதை ஆடினால் கை நடுக்கம் நிற்கிறது என்றாள். கல்யாணமான புதிதில் அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து ‘இணை அலமாரி’ ஒன்று திறந்திருந்தார்கள். வீட்டைவிட்டு வந்த அன்றே அவள் அதை அழித்துவிட்டாள். பழைய போனையும் எண்ணையும்கூடத் தூக்கிப்போட்டுவிட்டாள். இப்போது புது எண்ணில், ‘பொத்தான்’ என்ற பெயரில், யாரோ ஒருத்தியாகச் சேர்ந்து ஜாடி அடுக்கினாள்.

சில ஆட்டங்கள்தான் ஆடியிருப்பாள். திரையில் மத்தாப்பு சிதறியது.

“வருக, வருக! பெயரை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? மூன்று ஜாடி வைத்தபின் ஒரு கணம் நிறுத்தி, அழகை அனுபவித்து, பிறகு நாலாவதை வைக்கிறீர்கள். இந்த அவசர உலகில் இப்படி ஆடுகிறவர் நமக்குத் தெரிந்து ஒருவர்தான். உங்களை அடையாளம் கண்டுகொண்டோம். ‘ரசித்து ஆடுபவர்’ என்ற உங்கள் பழைய பட்டத்தையும் திருப்பித் தந்துவிட்டோம். உங்களைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டோம்.”

அதற்குக் கீழே மாப்பிள்ளையின் படம், ஓர் இதயத்துக்குள்.

தங்கை போனைக் கீழே வைக்கவில்லை, அலறவும் இல்லை. எழுந்துபோய் இரண்டு தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காவல் நிலையத்துக்குப் போனார்கள். “கேம்ல ஃப்ரெண்டா காட்டுதுன்னு கேஸ் போட முடியுமாம்மா?” என்று அங்கே கேட்டார்கள். அதனால் மெக்கானிக் விடுப்புப் போட்டுவிட்டு, கூடத்தின் ‘தனியுரிமை அக்கறை மைய’த்துக்குப் போனான்.

மையம் கடைவீதியின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடிச் சுவரோடு இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். சிலர் நின்று பார்த்தார்கள். கதவருகே ஒரு பெண் அவன் முகத்தைப் படம் எடுத்து, அட்டையில் அச்சடித்து, கழுத்தில் மாட்டினாள். படத்துக்குக் கீழே பெயர், தொழில், மறைக்க விரும்புவது என்ன என்று மூன்று வரி. சுவரில் பெரிய எழுத்தில், ‘உங்கள் ரகசியம் எங்கள் சொத்து’ என்று எழுதியிருந்தது.

வந்தவர்கள் வட்டமாக உட்கார்த்தப்பட்டிருந்தார்கள். தனியுரிமை கேட்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எதை மறைக்க வந்தோம் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டுமாம். கூச்சம் போவதற்காகவாம். ஒரு கண் டாக்டர் எழுந்து, நோயாளிகள் காத்திருக்கும்போது தான் சீட்டு ஆடுவது நோயாளிகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றார். வட்டத்தில் இருந்த அவருடைய நோயாளி ஒருவர் முதலில் கைதட்டினார். மெக்கானிக்கின் முறை வந்தபோது அவன் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டான். அதனால் கெட்டுப்போகவில்லை. ஒலிபெருக்கி அவனுக்காகச் சொன்னது.

“கணவரிடமிருந்து ஒளிந்திருக்கும் தங்கையின் அண்ணன், மூன்றாம் மேசைக்கு வரவும்.”

கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் மேசையில் இருந்த பெண்ணுக்குத் ‘தோழி’ என்று பதவிப் பெயர். நல்ல மரியாதைக்காரி. தண்ணீர் கொடுத்தாள்.

“மேடம், என் தங்கச்சி எங்க இருக்கான்னு அவ வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான் வேணும்” என்றான்.

“ரொம்ப நியாயமான கோரிக்கை சார். அவர்தானான்னு மட்டும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிக்கறோம். தப்பான ஆளுகிட்டேருந்து மறைச்சுட்டா பாவம் இல்லையா?”

“அவர்கிட்டயேவா கேப்பீங்க?”

“பின்ன? ஒருத்தருக்குச் சொல்லாம அவர்கிட்டேருந்து மறைச்சா அது ஏமாத்து வேலை சார். சொல்லிட்டு மறைச்சா அதுக்குப் பேர்தான் தனியுரிமை.”

மெக்கானிக் சற்றே இறங்கி வந்தான். சரி, அந்த விரல் அடையாளத்தையாவது அழித்துவிடுங்கள் என்றான். தோழி உதட்டைப் பிதுக்கினாள். அது இணை அலமாரியில் பிறந்த அடையாளம், அதில் புருஷனுக்கும் பாதி உரிமை இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லாமல் தொட முடியாது என்றாள். அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உடனே உள்ளறையிலிருந்து மூத்த தோழர் வந்துவிட்டார். நரைத்த தாடி, கதர்ச் சட்டை, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

“சார், அவன் அடிக்கிறவன்” என்றான் மெக்கானிக், நேரடியாக.

மூத்த தோழர் முகம் வாடியது. “அந்த வார்த்தை எங்ககிட்ட இல்ல தம்பி. நாங்க மனுஷங்களைத் தரம் பிரிக்கறதில்ல. அவரை உள்ள திரையில பார்த்துட்டுத்தான் வரேன். எங்க கணக்குல அவர் ‘தீவிரத் தோழமை’. தூங்கி எழுந்ததும் தேடறார், சாப்பிடறப்போ தேடறார், பாத்ரூம்ல இருந்து தேடறார். மனசைத் தொட்டுச் சொல்லுங்க, உங்களை யாராவது இப்படித் தேடியிருக்காங்களா?”

மெக்கானிக் யோசித்துப் பார்த்தான். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர யாரும் தேடியதில்லை.

“பார்த்தீங்களா” என்றார் மூத்த தோழர். “எங்களை ஒட்டுக் கேக்கறவங்கன்னு வெளியில பேசறாங்க. ஒட்டுக் கேக்கறவன் கதவுக்கு வெளியில நிப்பான் தம்பி. நாங்க உள்ளதான இருக்கோம், நாங்க எதுக்கு ஒட்டுக் கேக்கணும்? இன்னொண்ணு. உங்க தங்கையை மறைக்கணும்னா அவங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் துல்லியமாத் தெரியணும். எங்கேன்னு தெரியாததை எப்படி மறைக்கறது? அதனால ஒளிஞ்சுக்க ஆசைப்படறவங்களைத்தான் நாங்க ரொம்பக் கவனமாப் பார்த்துக்கறோம். மத்தவங்களைப் பத்தி எங்களுக்கு அவ்வளவாத் தெரியாது.”

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கும் அப்படித்தான் கலங்கியிருக்கும்.

தோழி ஒரு பொத்தானை அழுத்தினாள். மேசைத் திரையில் எழுத்து ஓடியது: ‘கோரிக்கை ஏற்கப்பட்டது. மறைப்புக்கு உள்ளாகும் தோழர் நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்ல வசதியாக, மையத்தின் முகவரியும் கோரிக்கை வந்த வட்டாரமும் அவருக்கு அனுப்பப்பட்டுள்ளன.’ வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கண் டாக்டர் எழுந்து நின்று தட்டினார். மெக்கானிக்குக்குப் பூட்டு வடிவத்தில் ஒரு சாவி வளையத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் சாவித்துவாரம் வெறும் படமாக வரைந்திருந்தது.

அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தங்கையின் போனில் ஒரு குட்டி பஸ் பொம்மை ஊர ஆரம்பித்திருந்தது. ‘உங்கள் தோழர் உங்களைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். வரவேற்கக் கை அசையுங்கள்!’ பஸ்ஸுக்குள் இரண்டு தலை தெரிந்தது. ஒன்று மாப்பிள்ளை. இன்னொன்று மாப்பிள்ளையின் தம்பி, அண்ணன் சொன்னால் சுவரிலும் முட்டுகிறவன்.

“நான் போயிருக்கவே கூடாது. கிணறு வெட்டப் போய்ப் பூதத்தக் கிளப்பிவிட்டுட்டேன்” என்றான் மெக்கானிக்.

“நீ போகலேன்னாலும் வந்திருப்பாங்கண்ணா. கொஞ்சம் லேட்டா வந்திருப்பாங்க.” அவள் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் கூட வேலை பார்த்து, கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போன ஒருத்தி இருந்தாள். பேசுவதற்குத் தவிர போனை எதற்கும் தொடாதவள். அவள் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அந்த ஊருக்குச் சாயங்காலம் ஒரு பஸ்தான். பஸ் ஸ்டாண்டோ தெருமுனையில். மையம் வட்டாரத்தைச் சொல்லிவிட்டதால் மாப்பிள்ளை நேரே வந்து இறங்கப்போவதும் அங்கேதான்.

“அவன் வேற பக்கம் போகணும்” என்றான் அண்ணன். “உன் போனக் குடு. ஊர்க்கோடியில ஒரு ஆபீஸ் கட்டடம், அங்க லிப்ட் நான்தான் பார்க்கறேன். அவங்களுக்கு இன்னிக்கு லீவு, ஈ காக்கா இருக்காது, சாவி என்கிட்ட இருக்கு. அங்க உக்காந்து நான் உன்ன மாதிரி ஆடறேன். நீ அங்க இருக்கன்னு அது அவன்கிட்ட சொல்லும். பஸ் கிளம்பறவரைக்கும் இழுத்தாப் போதும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். “உனக்கு ஜாடி எந்தப் பக்கம் இறங்கும்னே தெரியாதேண்ணா.”

கற்றுக்கொடுத்தாள். சிவப்பு மேல் தட்டில், நீலம் நடுவில். இறுகிய போல்ட்டைத் திருகிப் பழகிய விரல் அது, கண்ணாடியை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. மூன்று ஜாடி வைத்ததும் நிறுத்தினான். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினான். நாலாவதை வைத்தான். திரை முகம் சுளித்தது: ‘நீங்கள் யாரையோ போல ஆட முயல்கிறீர்கள். போலி ஆட்டம் நட்புக்கு அழகல்ல.’

“எண்ணாதண்ணா. எண்ணினா தெரிஞ்சிடும்.”

“பின்ன நீ என்னதான் பண்ணுவ, மூணு வச்சதும்? அப்படி என்ன அழகப் பார்ப்ப?”

அவள் ஒரு சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அழகா? வாசல்ல வண்டி நிக்கற சத்தம் வருதான்னு கேப்பேன். வந்தா போன மாவு டப்பாக்குள்ள போட்டுட்டு எழுந்துக்கணும். வரலேன்னா அடுத்தத வைப்பேன். மூணுக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டா சரியா இருக்கும்.”

இதைத்தான் கூடம் ரசனை என்று கண்டுபிடித்து, பட்டம் கட்டி, மத்தாப்பு விட்டிருந்தது. ஆயிரம் கணினிகளும் அவற்றை மேய்க்கிற படித்த கூட்டமும் சேர்ந்து ஒரு பெண்ணின் பயத்தை விரல்நுனி வரைக்கும் அளந்து பார்த்துவிட்டு, அதற்கு வைத்த பெயர் ரசனை. மெக்கானிக்குக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை, அது தேவைப்பட்டது. தங்கையைப் பஸ் ஸ்டாண்டில், கழிப்பறைப் பக்கமாக ஒரு தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, வண்டியை எடுத்தான்.

ஆபீஸ் கட்டடம் வெறிச்சென்று கிடந்தது. வாசல் கதவைத் திறந்தே விட்டான். லிப்டில் உச்சிக்குப் போய், படியேறி மெக்கானிக் அறையைத் திறந்தான். மோட்டார், இரும்புக் கயிறு, மெயின் சுவிட்ச், லிப்டுக்குள் இருப்பவர் உதவிப் பொத்தானை அழுத்தினால் குரல் கேட்கிற ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டி பேட்டரியில் ஓடுவது. அழுத்தியவர் பேச்சு, இந்தப் பக்கம் யாராவது நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் கிரீஸ் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஆட ஆரம்பித்தான்.

கூடம் அரை மனதாக நம்பியது. ‘இவர் உங்கள் தோழமையாக இருக்கலாம்’ என்று மாப்பிள்ளைக்குச் சொல்லியிருப்பதாக அவனுக்குச் சொன்னது. கூடத்துக்கு ஒளிவுமறைவே கிடையாது, யாருக்கு யாரைக் காட்டிக்கொடுத்தாலும் இரண்டு பேருக்கும் சொல்லிவிடும். பஸ் பொம்மை தெருமுனையில் வந்து நின்றது. பொம்மை ஆட்டோவாக மாறியது. ஊர்க்கோடியை நோக்கித் திரும்பியது.

லிப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ பொத்தானை அழுத்தி அழைத்திருக்கிறார்கள். கதவு திறந்து சாத்தியது. கயிறு நடுங்கி, லிப்ட் ஏறத் தொடங்கியது. எந்த மாடியைத் தாண்டுகிறது என்று அவனுக்கு ஓசையிலேயே தெரியும். பாதி வழியில் வந்ததும் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் மாட்டிக்கொண்டவர்களை மீட்டவனே தவிர, யாரையும் மாட்டவைத்ததில்லை.

தகரப் பெட்டி கரகரத்தது.

“மேலதான இருக்க?” மாப்பிள்ளையின் குரல். அவ்வளவு மென்மையாக அவன் பேசி மெக்கானிக் கேட்டதில்லை. “பயப்படாத. கோவமெல்லாம் போயிடுச்சு. அழுதியா? சாப்பிட்டியா? வா, வீட்டுக்குப் போலாம்.”

மெக்கானிக் ஜாடி அடுக்கினான். மூன்று. நிறுத்தினான். எண்ணினான். நாலு. திரை முகம் சுளித்தது: ‘மன்னிக்கவும். இது போலி ஆட்டம் என்று உறுதி செய்து உங்கள் தோழருக்குத் தெரிவித்துவிட்டோம். உண்மையான தோழமை கிடைக்கும்வரை நாங்கள் ஓய மாட்டோம்.’

பெட்டி மறுபடி கரகரத்தது. பிறகு அதே குரல், இந்த முறை மென்மை கழன்று, போனில் தன் தம்பியிடம் பேசியது.

“டேய், கீழதான நிக்கற? இது அவ இல்லையாம். எவனோ நம்மள சுத்தவிடறான். நான் லிப்ட்ல மாட்டிக்கிட்டேன், எனக்காக நிக்காத. நீ ஆட்டோவத் திருப்பிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போ. மூலை முடுக்கெல்லாம் பாரு. கெடச்சா முடியப் பிடிச்சு வச்சிரு, நான் வர்றவரைக்கும்.”

பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. தூணுக்குப் பின்னால் அவள் போன் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பாள்.

மெக்கானிக்கின் விரல் தன்பாட்டில் ஒரு ஜாடியை எடுத்து வைத்தது. இன்னொன்று. இன்னொன்று. அங்கே நின்றது. அவன் எண்ணவில்லை. ஆட்டத்தையே மறந்துபோயிருந்தான். தலையைச் சாய்த்து, கீழே தெருவில் ஆட்டோ கிளம்பும் சத்தம் வருகிறதா என்று கேட்டான். உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. நாலாவதை வைத்தான்.

திரையில் மத்தாப்பு சிதறியது.

‘ரசித்து ஆடுபவர்! வருக, வருக! சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். உங்கள் தோழருக்குச் சொல்லிவிட்டோம்.’

தகரப் பெட்டியில் ஒரு மூச்சு, அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு.

“டேய், இரு. போகாத. அவதான். பட்டம் வந்துடுச்சு, இத எவனாலும் நடிக்க முடியாது. மேலதான் இருக்கா. நீ படியேறி வா.”

மெக்கானிக் கதவைப் பார்த்தான். மெக்கானிக் அறைகளுக்குப் பூட்டு வெளியேதான் இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. உள்ளிருந்து பூட்ட வேண்டிய தேவை இதுவரை எந்த மெக்கானிக்குக்கும் வந்ததில்லை. போனை நிறுத்திவிட்டுக் கூரை வழியாக அவன் ஓடியிருக்கலாம். நிறுத்தினால் பட்டம் போய்விடும், படியேறுகிறவன் திரும்பி ஆட்டோவுக்குப் போய்விடுவான்.

கீழே, எங்கோ, செருப்புச் சத்தம் தொடங்கியது.

‘இனிய சந்திப்புக்கு வாழ்த்துகள்’ என்றது கூடம். ‘சந்திப்பு முடிந்ததும் நட்சத்திரம் இட மறக்காதீர்கள்.’

அவன் மூன்று ஜாடி வைத்தான். நின்றான். காது கொடுத்தான். சத்தம் ஒரு மாடி மேலே வந்திருந்தது. நாலாவதை வைத்தான்.